பத்தடி வளையமும் ஒரு பட்டப்படிப்பும்

நாமக்கல்

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் கிடைத்தது. மாநில முகாமுக்கு உன் பெயர் வந்திருக்கிற செய்தியை இரண்டு முறை படித்தேன். ரொம்ப சந்தோஷம்.

மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய். நெட்பாலில் இந்திய அணி வரைக்கும் போக முடியுமா? போனால் அதை வைத்துப் பிழைக்க முடியுமா? பிளஸ் டூ முடித்ததும் நர்சிங் சேரச் சொல்கிற அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போக முடியும், ஆனால் சுலபமில்லை. அதை மட்டும் வைத்துப் பிழைப்பது நம் நாட்டில் இன்றைக்கு நடக்காது. அப்பா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அதனால் ஆடு, படிப்பை விடாமல் ஆடு. இதை எல்லா டீச்சரும்தான் சொல்வார்கள் என்று நீ முகத்தைச் சுளிக்கலாம். நான் ஏன் சொல்கிறேன் என்பதைக் கேட்டுவிட்டு அப்புறம் சுளி.

யாழ்ப்பாணத்தில் புன்னாலைக்கட்டுவனை ஒட்டி ஈவினை என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர் தர்ஜினி சிவலிங்கம், 1979இல் பிறந்தவர். அவர் உயரம் 208 சென்டிமீட்டர், அதாவது ஆறடி பத்து அங்குலம். உலக அளவில் இந்த ஆட்டம் ஆடியவர்களில் மிக உயரமானவர் என்று அவரைச் சொல்வார்கள். ஐந்தடி பத்து அங்குலத்துக்கே உன்னை வகுப்பில் ‘ஏணி’ என்று கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவர் என்னென்ன கேட்டிருப்பார் என்று யோசித்துக்கொள்.

அவருடைய பள்ளிக்காலம் முழுவதும் போர்க்காலம். அதற்குள்ளேயே படித்தார், மட்டக்களப்பில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பிறகு கொழும்பில் செலான் வங்கியில் வேலை. வங்கிக்காகவும் ஆடினார், நாட்டுக்காகவும் ஆடினார். அங்கே இந்த ஆட்டத்தை வலைப்பந்து என்பார்கள். தேசிய அணியில் பெரும்பாலோர் சிங்களம் பேசுகிறவர்கள். நாளைக்கு நீ இந்திய முகாமுக்குப் போனால் ஹரியானா, டெல்லி, பஞ்சாப் பெண்கள் இந்தியில் பேசிக்கொண்டிருப்பார்கள், நீ நடுவில் நிற்பாய். கூச்சப்படாதே. பந்து கேட்க ஒரு சொல், கொடுக்க ஒரு சொல், எதிரி பின்னால் வருகிறாள் என்று எச்சரிக்க ஒரு சொல். முதல் வாரத்துக்கு அவ்வளவு தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் சாப்பாட்டு வரிசையில் நின்று பழகும்போது தானாக வரும்.

2009இல் இலங்கை ஆசியக் கோப்பையை வென்றபோது தர்ஜினி அணியில் இருந்தார். 2011இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியில் சிறந்த ஷூட்டர் என்று பெயர் வாங்கினார். ஆஸ்திரேலியாவுக்குப் போய் விக்டோரியா மாநில லீக்கில் சிட்டி வெஸ்ட் ஃபால்கன்ஸ் அணிக்கு ஆடினார். நடுவில் தேசிய அணிக்கு வெளியே இருந்த காலமும் உண்டு. 2018இல் திரும்பி வந்தார். ஆசிய இறுதிப் போட்டியில் சிங்கப்பூரை அதன் சொந்த மண்ணிலேயே 69-50 என்று இலங்கை வென்றது. 2022இல் மறுபடியும் கோப்பை. அப்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது.

இப்போது நான் சொல்லவந்த இடத்துக்கு வருகிறேன். 2019இல் லிவர்பூல் நகரில் உலகக் கோப்பை. சிங்கப்பூருக்கு எதிரான ஆட்டத்தில் இலங்கை 88-50 என்று ஜெயித்தது. அதில் தர்ஜினி எறிந்தது 78, வளையத்துக்குள் போனது 76. அந்தத் தொடர் முழுவதிலும் 348 கோல் போட்டு, எல்லா நாட்டு ஷூட்டர்களுக்கும் மேலே நின்றார். அப்படி ஒருவர் அணியில் இருந்தும் இலங்கைக்குக் கிடைத்த இடம், 16 அணிகளில் பதினைந்தாவது.

இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் படி. உயரம் உன்னை முகாமுக்குக் கூப்பிட வைக்கும், அத்தோடு அதன் வேலை முடிந்தது. நின்ற இடத்திலிருந்து 78க்கு 76 போடுவது கை செய்கிற வேலை, அந்தக் கையைப் பழக்கப் பல வருடம் ஆகும். அந்தக் கைக்குப் பந்து வந்து சேருவதற்கு இன்னும் ஆறு பேர் உழைக்க வேண்டும். அந்த ஆறு பேரோடு சண்டை போட்டுக்கொண்டு யாரும் பெரிய ஷூட்டர் ஆனதில்லை.

இன்னொன்றையும் கவனி. கொழும்பில் ஆடிய காலத்தில் தர்ஜினிக்கு மாதச் சம்பளம் கொடுத்தது வங்கி வேலை. நியூசிலாந்தின் பெயர்பெற்ற ஷூட்டர் ஐரீன் வான் டைக் என்பவரும் அப்படித்தான். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, நியூசிலாந்துக்குக் குடியேறி, இரண்டு நாட்டுக்கும் ஆடியவர், தொழிலால் ஆசிரியை. இந்த ஆட்டத்தில் நீண்ட நாள் நின்றவர்கள் பலரும் கையில் இன்னொரு வேலையோ படிப்போ வைத்திருந்தார்கள்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். நீ கூடைப்பந்திலிருந்து வந்தவள் என்பதால் சிலவற்றை மறக்க வேண்டும். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது இதில் கிடையாது. பந்து கைக்கு வந்து மூன்று விநாடிக்குள் விட்டாக வேண்டும். முதலில் எந்தக் கால் தரையில் பட்டதோ அதை எடுத்து மறுபடி தரையில் வைப்பதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். மைதானம் 30.5 மீட்டர் நீளம், 15.25 மீட்டர் அகலம். அதை மூன்றாகப் பிரித்திருப்பார்கள். நடுவில் யாரும் தொடாமல் ஒரு பகுதியை முழுசாகத் தாண்டிப் பந்தை எறியக்கூடாது. ஏழு பேருக்கும் சட்டையில் எழுத்து ஒட்டியிருக்கும். அந்த எழுத்துக்கு உரிய எல்லையை விட்டு நகர முடியாது. கோல் போடும் உரிமை ஜி.எஸ். (கோல் ஷூட்டர்), ஜி.ஏ. (கோல் அட்டாக்) இருவருக்கு மட்டும்தான், அதுவும் 4.9 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டத்துக்குள் நின்று.

உயரத்தைப் பார்த்தவுடன் உன்னை ஜி.எஸ். சட்டையில் போட்டுவிடுவார்கள். போட்டுக்கொள். கூடவே ஜி.கே. (கோல் கீப்பர்) ஆடவும் கற்றுக்கொள் என்பது என் யோசனை. ஷூட்டரைத் தடுத்துப் பழகினால் ஷூட்டர் எங்கே தடுமாறுவாள் என்று தெரிந்துவிடும். இரண்டு இடம் ஆடத் தெரிந்தவளைப் பன்னிரண்டு பேர் பட்டியலிலிருந்து நீக்கப் பயிற்சியாளருக்கு மனசு வராது.

எறிவதைப் பற்றிச் சொல்கிறேன், கவனமாகப் படி. இதில் பின்பலகை கிடையாது. பலகையில் மோதி விழுகிற அதிர்ஷ்டத்தை மறந்துவிடு. வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர், நம் பத்தடி. உள்விட்டம் 38 சென்டிமீட்டர், பந்தின் விட்டம் சுமார் 22. பந்து விரல்நுனிகளில் உட்கார வேண்டும், உள்ளங்கையில் படக்கூடாது. முழங்கை பந்துக்கு நேர் கீழே, வளையத்தைப் பார்த்தபடி. இன்னொரு கை பக்கத்தில் லேசாகத் தாங்கினால் போதும், தள்ளக்கூடாது. முழங்கால் மடங்கி எழும்போதே மணிக்கட்டு முன்னால் சாய வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விட்டால் பந்து குட்டையாக விழும். கண் வளையத்தின் பின்விளிம்பில் இருக்கட்டும். எறிந்த பிறகும் கையை உடனே இறக்காதே. தடுப்பவள் உன் காலிலிருந்து மூன்றடி தள்ளித்தான் நிற்க முடியும். ஆனால் அவள் கை நீண்டு உன் கண்ணுக்கு முன்னால் ஆடும். அதனால் வெறும் வளையத்துக்கு எறிந்து பழகுவதோடு நிறுத்தாதே. தோழி ஒருத்தியை மூன்றடி தள்ளி நிற்க வைத்து, ஒரு துடைப்பத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, அதற்கு மேலே எறி.

பள்ளியில் நெட்பால் கம்பம் இல்லையென்று எழுதியிருந்தாய். லாரிக்கு பாடி கட்டுகிற நாமக்கல்லில் வெல்டிங் பட்டறைக்கா பஞ்சம்? பத்தடிக்கு ஓர் இரும்புக் குழாய், 38 சென்டிமீட்டரில் ஒரு கம்பி வளையம், கம்பத்துக்கும் வளையத்துக்கும் நடுவே 15 சென்டிமீட்டர் இடைவெளி. அடியில் பழைய லாரி டயருக்குள் கான்கிரீட். கீழிருந்து சரக்கு ஏற்றிவரும் வேனில் போட்டால் உங்கள் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்துவிடும். செலவை உன் பி.டி. டீச்சரும் நானும் பார்த்துக்கொள்கிறோம். தலைமை ஆசிரியரிடம் இடத்துக்கு மட்டும் அனுமதி வாங்கி வை.

உங்கள் மைதானம் ஒரு பக்கம் சரிவு, மழைக்காலத்தில் வழுக்கும் என்று எனக்குத் தெரியும். மலையில் ஏறி இறங்கி வளர்ந்த காலுக்கு மூச்சு உண்டு, தசை உண்டு. ஆனால் இந்த ஆட்டத்தின் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வேகமாக ஓடி, குதித்து, பந்தைப் பிடித்து, அந்த இடத்திலேயே நின்றாக வேண்டும். அப்படி நிற்கும்போது முழங்கால் உள்ளே மடங்கினால் தசைநார் கிழிந்துவிடும். உலகம் முழுக்க நெட்பால் ஆடுகிற பெண்களைப் பல மாதம் உட்கார வைப்பது முழங்காலும் கணுக்காலும்தான். அதனால் எறிவதற்கு முன்னால் இறங்கக் கற்றுக்கொள். ஒற்றைக் காலில் குதித்து, சத்தம் வராமல் இறங்கி, முழங்கால் கட்டைவிரலுக்கு நேராக இருக்கிறதா என்று பார். பந்து பிடிக்கும் முன்பே தினமும் இதைச் செய். ஈரத்தரையில் வேகப் பயிற்சி வேண்டாம். வீங்கின காலை எண்ணெய் தேய்த்து நீவிவிட்டு மறுநாளே ஆடாதே, ஆஸ்பத்திரியில் காட்டு.

சாப்பாட்டில் உனக்குக் குறை இருக்கக்கூடாது. கேழ்வரகும் சாமையும் விளைகிற மலை, முட்டைக்குப் பேர்போன மாவட்டம். சத்துணவு முட்டையை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதே. வாரத்துக்கு ஒருநாள் பள்ளியில் தருகிற இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியாக எறிகிற கூட்டத்தில் நீயும் ஒருத்தி என்று எனக்கு நன்றாகத் தெரியும். இரத்தம் குறைந்தால் நான்காவது கால்மணி நேரத்தில் கால் எழும்பாது, வேறு விளக்கம் தேவையில்லை. மாதவிலக்கு நாட்களில் வலி அதிகமென்றால் டீச்சரிடம் வாய்விட்டுச் சொல். மருந்துக்கடையில் யாரோ சொன்ன மாத்திரையோ, ‘ஸ்டாமினா பவுடரோ’ வாங்கிச் சாப்பிடாதே. தேசிய அளவுக்குப் போனால் ஊக்கமருந்துச் சோதனை வரலாம். தெரியாமல் சாப்பிட்டேன் என்று சொன்னால் அங்கே விடமாட்டார்கள்.

இனி காசு விஷயம். ஆஸ்திரேலியாவில் சன்கார்ப் சூப்பர் நெட்பால் என்று ஒரு லீக் 2017இல் தொடங்கியது. நியூசிலாந்திலும் இங்கிலாந்திலும் லீக் உண்டு. அங்கே ஆடுவதற்குச் சம்பளம் கிடைக்கிறது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏழை நாடு. அந்த நாட்டு ஷூட்டர் ம்வாய் கும்வெண்டா மெல்போர்ன் விக்ஸன்ஸ் அணிவரை போய் ஆடினார். ஆக, கதவு அடைத்துக் கிடக்கவில்லை. ஆனால் அந்தக் கதவுக்கு வழி உலகக் கோப்பை மைதானம் வழியாகத்தான் போகிறது. மலாவி அந்த மைதானத்தில் ஆடுகிற நாடு.

நம் நாட்டில் குடும்பம் நடத்துகிற அளவுக்குச் சம்பளம் தருகிற நெட்பால் லீக் கிடையாது. காரணத்தையும் தெரிந்துகொள். இந்த ஆட்டம் ஒலிம்பிக்கில் இல்லை, ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் இல்லை. அரசு பரிசுப் பணமும் பெரிய கம்பெனிகளின் ஆதரவும் பெரும்பாலும் அந்த இரண்டு மேடையைப் பார்த்தே ஓடுகின்றன. நெட்பாலுக்குக் கிடைத்த பெரிய மேடை காமன்வெல்த் போட்டி, 1998இல் கோலாலம்பூரில் தொடங்கி. 2010இல் டெல்லியில் அந்தப் போட்டி நடந்தபோது இந்திய அணியும் களம் இறங்கியது. டெல்லிப் பெண் பிராச்சி தெஹ்லான் அந்த அணியின் தலைவி. அடுத்த வருடம் தெற்காசியக் கடற்கரை விளையாட்டில் அவர் தலைமையில் இந்தியா பதக்கம் வாங்கியது. பிறகு அவர் நடிப்புக்குப் போய்விட்டார். மலையாளத்தில் ‘மாமாங்கம்’ படத்தில் வந்தவர் அவர்தான். நாட்டின் தலைவியாக ஆடியவரும் அடுத்த தொழிலைத் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

நல்ல செய்தியும் இருக்கிறது. 2024 அக்டோபரில் ஆசியப் போட்டி பெங்களூரில் நடந்தது. சிங்கப்பூர் இறுதியில் இலங்கையை வென்றது. சேலத்திலிருந்து ஒரு ராத்திரிப் பயணத்துக்குள் இருக்கிற ஊரில் ஆசியாவின் சிறந்த ஷூட்டர்கள் ஆடிவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்து, 2030 காமன்வெல்த் போட்டியை அகமதாபாத் நடத்தப்போகிறது. உறுதியான ஆட்டங்களின் பட்டியலில் நெட்பாலும் உண்டு. அப்போது நீ கல்லூரி முடிக்கிற வயதில் இருப்பாய், ஷூட்டருக்கு அது இளம் வயது. பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக நீ இருப்பாய் என்று நான் சத்தியம் பண்ணித் தரமாட்டேன். தயாராக இருக்க உனக்குக் காலம் இருக்கிறது, அவ்வளவுதான் சொல்வேன்.

இந்த ஆட்டம் உனக்கு நிச்சயமாகத் தரக்கூடியது ஒன்று உண்டு, அது சான்றிதழ். 2020இல் மத்திய அரசு தன் வேலைகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலை 43 ஆட்டத்திலிருந்து 63ஆக விரித்தது. அப்போது நெட்பாலும் உள்ளே வந்தது. நாட்டுக்கு ஆடினால் படிவம் 1, தேசியப் போட்டியில் மாநிலத்துக்கு ஆடினால் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஆடினால் படிவம் 3, தேசியப் பள்ளி விளையாட்டில் மாநிலப் பள்ளி அணிக்கு ஆடினால் படிவம் 4. போட்டி முடிந்து கிளம்பும் அவசரத்தில் ‘அப்புறம் அனுப்புகிறோம்’ என்பார்கள். அப்புறம் என்பது வராது. படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏற வேண்டும். தமிழ்நாடு அரசுப் பணியிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. எந்த ஆட்டம், எந்தப் போட்டி, எந்தச் சங்கம் நடத்தியது என்பதைப் பார்த்துத்தான் ஏற்பார்கள். பட்டியல் மாறவும் மாறும். அதனால் ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் நாமக்கல் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரி. அங்கீகாரம் இல்லாத சங்கம் நடத்துகிற ‘தேசியப் போட்டி’யில் வாங்கின கோப்பை அலமாரிக்குத்தான் ஆகும்.

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கிக்கொள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், மதிப்பெண் பட்டியல், பழங்குடியினர் சாதிச் சான்றிதழ், விளையாட்டுச் சான்றிதழ், எல்லாவற்றிலும் உன் பெயரும் முதலெழுத்தும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே பார். ஆதாரில் ஓர் எழுத்து, மார்க் ஷீட்டில் வேறு எழுத்து என்றால் பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைய வேண்டிவரும். வயதைக் குறைத்துப் போட்டு ஜூனியரில் இன்னொரு வருடம் ஆடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அந்த ஆளோடு பேச்சையே நிறுத்திக்கொள்.

இதற்கு அடுத்தது அப்பாவிடம் நீ காட்ட வேண்டாம், அம்மாவிடம் படித்துக் காட்டு. முகாமில் பயிற்சியாளர் தொட்டுச் சொல்லித்தர வேண்டிய இடம் சில உண்டு. முழங்கையை நிமிர்த்துவார், தோளைத் திருப்புவார், அதுவும் எல்லோர் முன்னாலும். தனி அறைக்கு வரச் சொல்வது, ராத்திரியில் போன் செய்தி, தனியாக வண்டியில் கூட்டிப்போவது, ‘நான் சொன்னால் நீ அணியில் இருப்பாய்’ என்ற பேச்சு, இதெல்லாம் பயிற்சி ஆகாது. அந்த நிமிடமே உடன் வந்த பெண் ஆசிரியரிடம் சொல், எனக்குப் போன் பண்ணு, 1098க்குப் போன் பண்ணு. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 2012இன் போக்சோ சட்டம் காவலாக இருக்கிறது. சொன்னால் அணியை விட்டு எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொள்ளாதே. அணி போனால் இன்னொன்று கிடைக்கும். அதேபோல ‘வெளிநாட்டுப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறாய், இவ்வளவு பணம் கட்டு’ என்று கடிதம் வந்தால் அப்பா மிளகு விற்ற பணத்தை எடுத்து நீட்டுவதற்குள் என்னிடம் காட்டு.

கடைசியாக அப்பா. மலையை விட்டுப் பெண்ணை அனுப்புவது அவருக்குப் பெரிய காரியம். ஊரில் நாலு பேர் கேட்பார்கள், கல்யாணப் பேச்சு எடுப்பார்கள். நர்சிங் படித்தால் வேலை உறுதி என்று அவர் நினைப்பது தப்பே இல்லை. அவரிடம் நெட்பால்தான் என் வாழ்க்கை என்று சினிமா வசனம் பேசாதே. உங்கள் தோட்டத்து மிளகுக்கொடியைக் காட்டிச் சொல்: சில்வர் ஓக் மரம் இருப்பதால்தான் கொடி இவ்வளவு உயரம் ஏறுகிறது. படிப்பு மரம், ஆட்டம் கொடி. மரத்தை வெட்டிவிட்டுக் கொடியை வளர்க்க நான் கேட்கவில்லை என்று சொல். அவருக்கு இது புரியும்.

எந்தப் படிப்பு என்பதை நிதானமாகப் பேசி முடிவெடுக்கலாம். நர்சிங்கில் வார்டுப் பணியும் வருகைப்பதிவும் கடுமை, முகாமுக்கு விடுப்பு கிடைப்பது கஷ்டம். உனக்கு உண்மையிலேயே அந்த வேலை பிடித்திருந்தால் சேர். ஆட்டம் கொஞ்சம் பின்னால் போகும் என்று தெரிந்தே சேர். மைதானமும் அணியும் உள்ள கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு பட்டப்படிப்பு என்பது இன்னொரு வழி. உடற்கல்வியே பிடித்தால் 1920இல் தொடங்கி இப்போது சென்னை நந்தனத்தில் நடக்கிற ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி இருக்கிறது, மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. உங்கள் மலையின் செம்மேட்டிலும் சோளக்காட்டிலும் உன்னைப்போல உயரமான பெண்கள் இன்னும் நிறையப் பேர் கவனிப்பாரில்லாமல் இருக்கிறார்கள். அவர்களுக்கு மலைக்காரி ஒருத்தி டீச்சராக வந்தால் நன்றாக இருக்கும் என்பது என் சொந்த ஆசை, உன்மேல் திணிக்கவில்லை.

முகாமில் உன்னை எடுக்காமலும் போகலாம். ஒரு நாள் அழுதுவிட்டு, எதனால் எடுக்கவில்லை என்று பயிற்சியாளரிடம் நேராகக் கேள். எறிவதா, இறங்குவதா, வேகமா என்று அவர் சொல்வதை நோட்டில் எழுதிக்கொண்டு வா. அடுத்த வருடம் அந்த ஒரு குறையோடு மட்டும் போகாதே. எடுத்துவிட்டாலும் அதே கேள்வியைக் கேட்டு, அதே நோட்டில் எழுது.

இந்த வாரம் செய்ய வேண்டியது: ஃபைலைச் சரிபார், கம்பத்துக்கு இடம் கேள், முழங்கால் பயிற்சியைத் தொடங்கு. ஆடி பதினெட்டுக்கு வல்வில் ஓரி விழாவுக்கு வருவேன். கூட்டத்தில் பேச முடியாது, அதனால் மறுநாள் காலையில் உங்கள் வீட்டுக்கே வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லி வை. அவர் கேட்க நினைக்கிறதை எல்லாம் என்னிடமே கேட்கட்டும். அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பி.டி. டீச்சர்